வாய் மூடு ஏற்றம்

ரேடியோ என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு மனிதர் அமைதியான சைக்கிள் பயணம் நடத்தினார் என்றால் சிரிப்புத்தான் வரும். சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது அதுதான். பதினாறு வருடம் நடத்தினார். ஆறு பேர், நான்கு நாள், மலைப்பாதை. கைபேசி பையின் அடியில் கிடக்க வேண்டும், பாட்டு கூடாது, மணியைக்கூட அவசரத்துக்குத்தான் அடிக்கலாம். இத்தனை சட்டத்தையும் அடுத்தவர்களுக்குப் போட்டுவிட்டு, முன்னால் போகிற அவர் மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவார்.

அவர் போகிற வழியைப் போட்டுக்கொடுத்தவள் அவருடைய தங்கை. வருகிறவர்கள் அவளை மேப் அக்கா என்பார்கள். இது அவளுடைய கதைதான். அண்ணனை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல வழியில்லை, அதனால் அவரை முதலில் இழுத்து வந்துவிட்டேன்.

சாலை அளவை அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் படம் வரைந்தவள் அவள். வேலையை விட்டபின் சாவிக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். ஒரு பெரிய மேசை, சுவர் முழுக்க மலையின் உயரக்கோட்டுப் படங்கள், மூன்று நிறப் பென்சில். புதுச் சாலை வந்ததும் பழைய சாலையை ஊரே மறந்துவிடும், அவள் மறக்க மாட்டாள். லாரி போகாத, கடை இல்லாத, ஏறினால் கால் கழன்று விழுகிற பாதையாகத் தேடிப் பிடிப்பாள். இடது முழங்கால் போனதால் மிதிக்க முடியாது. பேருந்தில் போய் இறங்கி நடப்பாள். தண்ணீர் எங்கே, நாய் எங்கே, ஜல்லி பெயர்ந்த வளைவு எது, எல்லாம் குறித்துக்கொண்டு வந்து அட்டையில் எழுதிக் கொடுப்பாள்.

சரிவைச் சதவீதத்தில் எழுதுவது அலுவலகத்து வழக்கம். முதல் வருடம் அப்படித்தான் எழுதினாள். ஒருத்தர், "எட்டுதானே, நூத்துக்கு எட்டுன்னா ஃபெயில் மார்க்காச்சே" என்று சிரித்துவிட்டுப் போனார். பாதி ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அழாக்குறையாக நின்றார். அதன் பிறகு அவள் அண்ணனின் வாயை வைத்தே மலையை அளந்தாள். நாலு சதவீதம் வரை அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு ஏறுவார், அதற்குப் பெயர் 'கதை பேசலாம்'. ஏழு வரை ஒற்றைச் சொல்தான் வரும், அது 'ஆமா இல்லை'. அதற்கு மேல் அவராலேயே பேச முடியாது. அது 'வாய் மூடு'.

அட்டையை முதன்முதலில் கையில் வாங்குகிறவர்களுக்குக் கோபம் வரும். ஒரு தலைமையாசிரியை, "யாரைப் பார்த்து வாயை மூடச் சொல்றீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். சாயங்காலம் ஏறி முடித்து வந்தவர், "சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

அட்டையில் பொய் எழுதக் கூடாது என்பது அண்ணனிடமிருந்து வந்த பிடிவாதம். சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் பழக்கியபோது, எல்லா அண்ணன்களும் "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை எடுத்துவிடுவார்கள் அல்லவா, இவர் "இப்ப விடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விட்டார். அவள் பயந்து விழுந்தாள். நாலு தடவை விழுந்தாள். "சொல்லாம விட்டா அது ஏமாத்து வேலை பாப்பா" என்றார். அவருடைய வண்டியின் கைப்பிடியில் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டத்தில் சின்னதாக ஒன்று திருகி வைத்திருந்தார். ஏற்றத்தில் அதன் குமிழி முன்னால் ஓடும். அவள் அட்டையைச் சோதிக்கத்தான் வைத்தார், பதினாறு வருடத்தில் அட்டையும் மட்டமும் ஒரு நாள்கூட முரண்படவில்லை.

போன வருடம் அவருக்கு நெஞ்சு அடைத்தது. மலையில் இல்லை. மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறியபோது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். சமதரையில் மிதிக்கலாம், லேசான ஏற்றம் பரவாயில்லை, பெரிய ஏற்றம் ஆயுசுக்கும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார், வீட்டுக்கு வந்தார், அத்தோடு ரேடியோ நின்றுபோனது.

ஏழு மாதம் கழித்து அண்ணி சாவிக் கடை மாடிக்கு ஏறி வந்தாள்.

"நேத்து முழுக்க உங்க அண்ணன் பேசினது மூணே வார்த்தை. டீ, வேண்டாம், சரி. அந்த மனுஷன் தொணதொணப்பு தாங்காம காதுல பஞ்சு வெச்சவ நான். இப்ப உன்கிட்ட கெஞ்சுறேன். ஏதாவது பண்ணு."

மேப் அக்கா ஓர் எளிய வழியை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் அட்டையைப் பார்த்தார். "கதை பேசலாமா? பால் வாங்கவா போறேன்?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் வேறு அட்டை எழுதினாள். அணைக்குப் பின்னால் ஒரு பழைய காட்டுச் சாலை, அண்ணன் இதுவரை போயிராத வழி. ஒன்பது கிலோமீட்டர், நாலு சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு பக்கமும் மரம் அடைத்திருப்பதால் எவ்வளவு ஏறுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. ஏழு மாதம் உட்கார்ந்துவிட்ட காலுக்கு அதுவே போதும், வலிக்கும். அட்டையில் ஒன்பது கிலோமீட்டருக்கும் 'வாய் மூடு' என்று எழுதினாள். எப்போதும் போல அழகாகவே எழுதினாள். பிற்பாடு அவளால் தாங்க முடியாமல் போனது அதைத்தான்.

மறுநாள் போய் ரசமட்டத்தைக் கழற்றினாள். "கண்ணாடி கீறியிருக்குண்ணா, மாத்தித் தரேன்" என்று சொல்லி, கொண்டுவந்து மேசை இழுப்பறையில் படங்களுக்கு அடியில் வைத்தாள். எல்லாப் பயணத்துக்கும் வருகிற பல் டாக்டரைத் துணைக்குப் போகச் சொன்னாள், அவரிடம் உண்மையையும் சொன்னாள். "நல்லாயில்லக்கா இது" என்று அவர் முணுமுணுத்தார். ஆனாலும் போனார்.

அவள் அணைக்கட்டு டீக்கடையில் காத்திருந்தாள். மூன்று மணி நேரம். டீ மேல் டீயாகக் குடித்து வயிறு எரிந்தது. கடைசியில் வண்டி தெரிவதற்கு முன்னால் குரல் வந்துவிட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் யாரையோ பற்றி யாரிடமோ விலாவாரியாகப் பேசிக்கொண்டு வருகிற அதே குரல்.

"பாப்பா, வாய் மூடுல கதை பேசிக்கிட்டே ஏறிட்டேன். ஒரு இடத்துல கால் ஊனல. வேணும்னா இவரைக் கேளு."

பல் டாக்டர் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. மேப் அக்கா சிரித்தாள், அழுதாள், அண்ணனின் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் பொய்யில்லை.

அதற்குப் பின் ஊரில் ஒருத்தர் பாக்கியில்லை. மருந்துக் கடைக்காரர், முடி வெட்டுகிறவர், மாடிவீட்டுக்காரர், எல்லோருக்கும் அண்ணன் வளைவு வளைவாகச் சொன்னார். ஸ்டென்ட் வைத்த டாக்டரின் அறைக்குப் போய், வரிசையில் உட்கார்ந்து, அவருக்கும் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர் அட்டையைப் பார்த்து ஆச்சரியப்பட்டாராம், ஆனாலும் கூடாது என்றாராம். அந்த அட்டையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். அண்ணி போனில், "காது வலிக்குது, நல்லா இருக்கு" என்றாள்.

ஒன்பதாம் நாள் அண்ணன் கூப்பிட்டார். "சனிக்கிழமை பெரியவர்கிட்ட போறேன். ஆறு பேருக்கும் நானே பேசிட்டேன்."

பெரியவர் என்பது அவர்கள் ஒரு கணவாய்க்கு வைத்த பெயர். பதினோரு கிலோமீட்டர், அத்தனையும் பத்துக்கு மேல். இளவட்டங்களே பாதியில் படுத்துவிடுகிற இடம்.

"டாக்டர் கூடாதுன்னாரே அண்ணா."

"டாக்டர் காகிதத்தைப் பார்த்துச் சொல்றார். நான் வாய் மூடுல பேசிக்கிட்டு ஏறினவன். உன் அட்டை சொல்லுதே, இதுக்கு மேல யார் சொல்லணும்?"

மழை என்று சொல்லலாமா, பாதை சரிந்துவிட்டது என்று சொல்லலாமா என்று கிடந்து மறுகினாள். கடைசியில் அண்ணியை மாடிக்கு வரவழைத்து உண்மையைச் சொன்னாள். "சொல்லித் தொலைச்சிடாதே, வேற ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்து" என்று அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தச் சாக்கு சொன்னாலும் அடுத்த மாசம் போயிடுவார் அண்ணி. அவர் நம்புறது என் எழுத்தை."

வியாழக்கிழமை காலை போனாள். கூடத்தில் செய்தித்தாளை விரித்து, சங்கிலியைக் கழற்றி வைத்து, அண்ணன் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லப்போனால் பாடிக்கொண்டிருந்தார். அவள் ரசமட்டத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். குமிழி இரண்டு ஆட்டம் ஆடி நடுவில் நின்றது.

"மாத்திட்டியா?" எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பழைய கண்ணாடி மாதிரியே இருக்கே."

"பழசுதான். கீறல் எதுவும் இல்லண்ணா."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. முகம் சுண்டிப்போனது.

"அந்த ஏத்தம் எத்தனை?"

"நாலு. சில இடத்துல மூணு."

"முழுக்கவா?"

"முழுக்க."

"அப்ப அது கதை பேசலாம்."

"ஆமாண்ணா."

திட்டுவார் என்று தயாராக வந்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். அவர் பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பல் டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "நான் யார் யார்கிட்ட எல்லாம்..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. எழுந்து போய்க் கதவிலிருந்து அட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"திருத்து."

"அண்ணா, வேண்டாம்ணா. கிழிச்சுப் போட்டுடலாம்."

"திருத்தும்மா. நாளைக்கு யாராவது இதைப் பார்த்துட்டு, இதையே ஏறிட்டோமே, பெரியவர் என்ன பெருசுன்னு கிளம்பிடுவாங்க."

அவள் பென்சிலை எடுத்தாள். 'வாய் மூடு' என்பதை அடித்து, பக்கத்தில் 'கதை பேசலாம்' என்று எழுதினாள். இந்தத் தடவை எழுத்துக் கோணலாக வந்தது. அண்ணன் வாங்கிப் படித்துப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார். ஆறு பேருக்கும் போன் பண்ணி வேறு ஆளை ஏற்பாடு செய்யச் சொன்னார். பிறகு சங்கிலியைச் செய்தித்தாளிலேயே சுருட்டிக் கட்டி மூலையில் வைத்தார், வண்டியில் மாட்டவில்லை.

"அந்த ஒம்பது நாள் நல்லா இருந்துச்சு பாப்பா" என்றார்.

அதுதான் அவர் அவளிடம் கடைசியாகச் சொன்ன முழு வாக்கியம். இருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார், மாத்திரை தவறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் போகிறாள். "வா" என்பார், "சாப்பிடு" என்பார். கிளம்பும்போது "சரி" என்பார். அவ்வளவுதான்.

அவள் இப்போதும் வழி போட்டுக்கொடுக்கிறாள். ஆனால் புது அட்டைகளில் கதை பேசலாமும் இல்லை, வாய் மூடும் இல்லை. அளக்க அவளிடம் வாய் இல்லை. நாலு, ஏழு, எட்டு என்று எண்ணைத்தான் எழுதுகிறாள். வருகிறவர்கள் எட்டு என்றால் என்னவென்று கேட்கிறார்கள். கஷ்டமாக இருக்கும் என்று சொல்லி அனுப்புகிறாள்.