விளிம்பில் இருந்த எண்

என் மருமகனுக்கு ஊரில் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் மட்டும் அல்ல. எதைக் கையில் கொடுத்தாலும் இரண்டு முறை திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே மூன்று பிழை கண்டுபிடித்து, அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர்.

அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா, நேர் எதிர். எதையும் ஒரு தரம்கூடப் பார்க்காமல் பத்துத் தரம் சொல்வார். அவருடைய மாமனார் போருக்குப் போய் மூன்று பதக்கங்களோடு திரும்பியவர். அந்த மனிதர் ஒரே தோட்டாவில் எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்திய கதையை நான் முதலில் கேட்டபோது ஒரு விமானம்தான். என் பேத்தி பிறந்த வருடம் அது மூன்றாகியிருந்தது. போன வருடம் துப்பாக்கியே போய்விட்டது. கல்லால் அடித்ததாகக் கேள்வி. கதை விடுவதில் எனக்கும் கொஞ்சம் பெயர் உண்டு. ஆனாலும் அந்தக் கல் எனக்குத் தோன்றியிருக்காது.

நூலகத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பேழை வைத்தார்கள். மாதம் ஒரு குடும்பம் தங்கள் வீட்டுப் பழம்பொருள்களை அதில் வைக்கலாம். முதல் மாதத்துக்குச் சம்பந்தியம்மா முந்திக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டார். பதக்கங்களைத் துடைத்து, விவர அட்டை எழுத வேண்டியது மகன் பொறுப்பு.

மூன்றும் ஒரு மரப்பெட்டிக்குள் நீல வெல்வெட்டில் பதிந்து கிடந்தன. வெளியே எடுத்தால் ரிப்பன் இற்றுவிடும் என்ற பயத்தில், முகத்தை மட்டும் துடைத்து மூடிவிடுவது அந்த வீட்டு வழக்கம். ஆண்டுக்கணக்கில் ஒருவரும் எடுத்ததில்லை. இவர் எடுத்தார். விளிம்பில் பொடி எழுத்தில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருந்தன. லென்ஸைக் கண்ணில் பொருத்திப் படித்தார். முதல் இரண்டிலும் 418, தாத்தாவின் பெயர். மூன்றாவதுதான் வீரத்துக்காகக் கொடுத்த பதக்கம். அதில் 417, யாரோ ஒருவர் பெயர்.

நேரே என்னிடம் வந்தார்.

“அத்தை, தாத்தா அதை எடுத்துட்டு வந்திருப்பாரோ?”

“கேட்டு வாங்கியிருப்பார், மாப்பிள்ளை.”

“பதக்கத்தை யாராவது கேட்டு வாங்குவாங்களா? செத்துப்போன ஆளோட சட்டையிலேர்ந்து...”

“விளிம்பு தெரியாத மாதிரி ஒட்டி வெச்சுடுங்க. யார் பார்க்கப் போறா?”

“நான் பார்த்துட்டேனே!”

அம்மாவிடம் சொல்லத் துணிவில்லை. அந்த அம்மாள் தலை நிமிர்ந்து நடப்பதே மாமனாரின் பதக்கத்தை வைத்துத்தான். திருட்டுப் பதக்கம் என்று ஊர் சொன்னால் என்ன ஆவது? ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு எண்களையும் குறித்துக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்த இரண்டு வாரத்தில் கடையில் நடந்தது வேறு கதை. ஒரு வாத்தியாரின் கண்ணாடியில் இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிக் கொடுத்துவிட்டார். மனிதர் அதைப் போட்டுக்கொண்டு தெருவிளக்குக் கம்பத்துக்கு வணக்கம் சொன்னார்.

நூலகத்தில் சனிக்கிழமை திறப்பு. புதன்கிழமை பதில் வந்தது. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிரப் பிரிக்கவில்லை. என் மகள்தான் பிடுங்கிப் படித்தாள்.

417, 418 இருவருமே படையில் கோவேறு கழுதை ஓட்டிகள். ஒரே நாளில் அடுத்தடுத்து நின்று படையில் சேர்ந்தவர்கள். மலைமேல் மாட்டிக்கொண்ட காவல் சாவடிக்குக் குண்டு மழைக்கு நடுவே மூன்று நாள் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்காக இருவருக்குமே அந்தப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக்குப் பதில் இரண்டு கைநாட்டு இருக்கிறதாம். பொட்டலம் மாறியதை எழுத்தறியாத இருவரும் கவனித்திருக்க வழியில்லை என்று எழுதியிருந்தார் அதிகாரி. 417இன் பேத்தி நான்கு மாதம் முன்பே இதே கேள்வி கேட்டாராம். 418இன் வீட்டார் எப்போதாவது எழுதினால் கொடுக்கச் சொல்லித் தன் போன் நம்பரையும் விட்டுவைத்திருந்தார்.

மருமகன் உடனே ஸ்பீக்கரில் போன் போட்டார். “ஹலோ, நான்... நானூத்திப் பதினெட்டோட பேரன் பேசறேன்.”

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல். அந்தப் பெண் கண்டக்டராம். “சார்! உங்க தாத்தா பதக்கம் என்கிட்ட பத்திரமா இருக்கு சார். எங்க தாத்தா திருடலை, சத்தியமா!”

“ஐயோ, எங்க தாத்தாவும் திருடலைம்மா!”

“நீங்க என்ன நெனச்சுட்டு இருக்கீங்களோன்னு நாலு மாசமா இதே நெனப்பு சார். பஸ்ல யாராவது உத்துப் பார்த்தாக்கூட உங்க வீட்டாளோன்னு பயம்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் என் மகள் அழுதுவிட்டாள்.

இனி அம்மாவிடம் சொல்ல வேண்டும். மருமகன் எதையும் மறைக்காமல் சொன்னார். சம்பந்தியம்மா கண் கொட்டாமல் கேட்டார்.

“அப்போ விமானம்?”

“கடிதத்துல அது இல்லைம்மா.”

“கழுதைமேல தண்ணியா? மூணு நாளும் அந்தக் குண்டுக்கு நடுவுலயா?” கடிதத்தை வாங்கி ஒரு தரம் பார்த்தார். “விமானத்தைச் சுட்டேன்னு அவர் சொல்லவே இல்லைடா. நான் கேக்கறப்பல்லாம் ‘தாகமா இருந்தாங்கம்மா’ன்னு மட்டும் சொல்வார். எனக்கு அது சப்புன்னு இருந்துது.”

சனிக்கிழமை கண்டக்டர் சீருடையோடு வந்தார். மத்தியானம் அவருக்குப் பஸ் இருந்தது. பேழை முன்னால் இருவரும் பதக்கத்தைக் கைமாற்றிக்கொண்டு, லென்ஸ் வைத்துப் படித்துப் பார்த்தார்கள். மருமகன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், விளிம்பு எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்து வைத்தார். அட்டையில் தண்ணீர், கழுதை, மாறிய பொட்டலம் எல்லாம் இருந்தன.

பிறகு கடை திறக்கப் போனார். சாப்பாடு கொடுத்துவிட்டு வரலாம் என்று நான் போனபோது, கண் பரிசோதிக்கும் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாகக் கண்ணை மூடாத மனிதர். எதிரில் இரண்டு வாடிக்கையாளர்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“எழுப்பட்டுமா?” என்றேன்.

“வேணாம்மா, நூலகத்துல அட்டையைப் படிச்சுட்டுத்தான் வர்றோம்,” என்றார் ஒருவர். “தூங்கட்டும்.”