கொலைப் படத்துக்கு என் வீட்டுக்காரர் சொன்ன கருத்து

என் வீட்டுக்காரருக்கு ரத்தம் ஆகாது. ஒருமுறை காய் நறுக்கும்போது என் விரலில் கத்தி பட்டுவிட்டது. "ஏங்க, அந்தத் துணியை எடுங்க" என்று விரலைத் தூக்கிக் காட்டினேன். மனிதர் துணியை எடுக்கவில்லை. அப்படியே சரிந்து சமையலறை வாசலில் விழுந்தார். சொட்டுகிற விரலோடு அவர் முகத்தில் தண்ணீர் தெளித்ததும் நான்தான். கண் விழித்ததும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மகள் சினிமாவுக்குக் காயம் செய்கிறவள்.

இவருடைய தொழில், துணிக்கடை ஷோகேஸில் நிற்கும் பொம்மைகளுக்குத் தோல் பூசுவது. அச்சிலிருந்து வரும்போது பொம்மை வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, அது காய்ந்ததும் ஸ்பிரே கன்னை எடுப்பார். தோலுக்கு ஒரே நிறம் என்று நினைப்பவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். முழங்கைக்கு ஒன்று, காது மடலுக்கு ஒன்று, விரல் நுனிக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பூசுவார். பட்டறையில் தலைகள் ஓர் அலமாரியில் இருக்கும், கைகள் கம்பியில் தொங்கும். மதிய வெயில் மேல் ஜன்னல் வழியாக இறங்கும்போது பெயின்ட் புகை மெல்ல மிதக்கும். அந்தப் புகைக்குள் தலையில்லாத பெண்கள் வரிசையாக நிற்பார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இவர் அவர்களுக்கு நடுவே தூக்கத்தில் நடப்பவர் போல நடப்பார். சாப்பாடு கொண்டுபோகும் நான் பலமுறை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

"பேசாம இங்கயே யாரையாவது பாத்துக் குடித்தனம் வச்சுடுங்க" என்பேன்.

"இவங்க யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்பார்.

மகளுக்கு அவர் வைத்த செல்லப்பெயர் வாலு. பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்கு வரமாட்டாள், நேரே பட்டறைக்குப் போய்விடுவாள். அவள் பூசிய கையையும் இவர் பூசிய கையையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. வளர்ந்ததும் சினிமா மேக்கப் படிக்க வெளிநாடு போனாள். அங்கேயே பிரெஞ்சுப் படக்காரர்களிடம் வேலை கிடைத்தது. இவர் பட்டறை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். கதாநாயகிக்கு உதட்டுச் சாயம் பூசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவள் முதன்முதலாகச் செய்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒரு கழுத்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை அறுந்து கிடந்தது. பார்த்ததும் பட்டறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் போனில் அவர் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். "ஒரு கீறல் இல்லாம தோல் பூசக் கத்துக் குடுத்தேன். அதை எடுத்துட்டுப் போய் கசாப்புக் கடை வச்சிருக்க!"

"கிழிக்கணும்னா முதல்ல தோல் இருக்கணும்ல அப்பா. அது நீங்க குடுத்ததுதானே."

"இனிமே என் பேரைச் சொல்லாதே."

இவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. அவளுக்கு ரோஷம் மூக்கு மேல் நிற்கும். அதன்பிறகு அவள் என்னோடு மட்டும்தான் பேசினாள், வீட்டுப் பக்கம் வரவேயில்லை. விடுமுறைகள் வந்தன, போயின. அவள் அறைக் கட்டிலில் இஸ்திரித் துணியை அடுக்க ஆரம்பித்தேன். இவர் ஒவ்வொரு முறையும் அதை எடுத்து என் கட்டிலில் போட்டுவிட்டுப் போவார்.

அப்போதுதான் அவள் வேலை செய்த படம் ஒன்று தமிழிலும் வெளியாகி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. ஏரிக்கரையில் ஒரு வீடு. முகமூடி போட்ட ஒருவன் வந்தவர் போனவரையெல்லாம் வெட்டுகிறான். ஒரு பெண் தப்பித்து ஓடிக்கொண்டே தன் அப்பாவுக்குப் போன் செய்கிறாள். கடைசியில் பெரிய திருப்பம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசும்போது வாலு சொன்னாள்: "அம்மா, அப்பாவை இந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லு. பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். நல்லா இல்லைன்னாலும் பரவாயில்ல. சொன்னார்னா நான் வீட்டுக்கு வரேன்."

சொன்னேன். இவர் முகம் மலர்ந்து, உடனே வெளுத்தது. "பாக்காம சொல்ல முடியாதா?" என்றார்.

முதல் காட்சியைப் போட்டார். கதவுப் பிடியில் சிவப்பாக ஒரு கை பட்டது. டிவியை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானாவது பார்த்திருக்கலாம். ஆனால் இவரை விட்டுவிட்டு நான் மட்டும் பார்த்தால் கட்சி மாறியதுபோல ஆகிவிடும். அதனால் நானும் பார்க்கவில்லை.

பிறகு இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தைப் பார்க்க வேண்டாம், பார்த்தவர்களைப் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தார். பட்டறையில் அச்சு வார்ப்பவரிடம் ஆரம்பித்தார். "பாத்தேண்ணே. பாதியில என் வீட்டுக்காரி எழுந்து போயிட்டா. அது படத்தாலயா என்னாலயான்னு இன்னும் தெரியல" என்றார் அவர். அதற்கப்புறம் போனில் முகம் தெரியாதவர்களின் கருத்துகளைப் படிக்கத் தொடங்கினார். பிரெஞ்சில் எழுதியதைப் போனே தமிழாக்கிக் கொடுத்தது. ‘இனி நான் தக்காளி வாங்கப் போவதில்லை’ என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். ‘கொலைகாரன் வாடகை கொடுக்கிறானா? எப்போதும் அந்த வீட்டிலேயே இருக்கிறானே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். திருப்பத்துக்குப் பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் பித்தலாட்டம் என்று திட்டினார்கள். ‘இந்தக் காயங்களைச் செய்த கைக்கு விலங்கு மாட்டுங்கள்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். இவருக்கு வந்ததே கோபம். "எவன்டா நீ, என் பொண்ணு கைக்கு விலங்கு மாட்ட?" என்று போனைப் பார்த்துக் கத்தினார். அந்த ஆளுக்குக் கேட்டிருந்தால் அவன் கருத்தை வாபஸ் வாங்கியிருப்பான்.

நாளாக ஆக அந்தப் படம் இவருக்குள் ஓட ஆரம்பித்தது. பொம்மையின் தோளில் ஸ்பிரே கன்னைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். எங்கே போய்விட்டார் என்று எனக்குத் தெரியும், ஏரிக்கரைக்கு. பார்த்தவர்கள் சொன்ன படிக்கட்டு, திரைச்சீலை, தண்ணீரில் ஆடும் படகு, எல்லாம் அவருக்குக் கண்ணெதிரே இருந்தன. ரத்தம் மட்டும் இல்லை. ரத்தம் என்று அவர்கள் எழுதிய இடத்திலெல்லாம் இவர் பனிமூட்டத்தைப் போட்டுக்கொண்டார். செத்தவர்கள் அதற்குள் அமைதியாகப் படுத்துக்கொண்டார்கள். ஓடுகிற பெண்கூட மெதுவாகத்தான் ஓடினாள். சாப்பிடும்போது எனக்கு அந்த வீட்டைச் சொல்லுவார். "மாடியில ஒரு ஜன்னல் இருக்கு. அதுலேருந்து பாத்தா ஏரி பால் மாதிரி தெரியும்." கேட்டுக்கேட்டு நானும் இரண்டொரு முறை அந்த மாடிக்குப் போய்வந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அங்கே நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் யாரோ படத்தின் முடிவையே பட்டவர்த்தனமாக எழுதிவிட்டதைக் கண்டுபிடித்தார். கொலைகாரன் கதவை உடைக்கும் நேரத்தில் அந்தப் பெண்ணின் அப்பா வந்துவிடுகிறார், கதவைத் திறந்து மகளை வாரி அணைத்துக்கொள்கிறார் என்று இருந்தது. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு தேடுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாலு கூப்பிட்டாள். இவரே போனை வாங்கினார்.

"பாத்துட்டேன்மா. நல்லா இருந்துச்சு. கடைசியில அந்த அப்பா வந்து கதவைத் திறந்து மகளைக் கட்டிப் பிடிக்கிறாரே, அங்க அழுதுட்டேன்."

"அப்படி யாரும் வரலப்பா" என்றாள். போன் நின்றுவிட்டது.

அப்புறம் என்னிடம்தான் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் படத்தின் ரசிகர்களுக்குள் ஒரு பழக்கமாம். உண்மையான முடிவு வெளியே தெரியக்கூடாது என்று ஆளாளுக்கு ஒரு பொய் முடிவை எழுதிவைப்பார்களாம். பழகினவர்கள் சிரித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். இவர் புதிது, அதிலும் தனக்குப் பிடித்த பொய்யாகப் பார்த்து விழுந்துவிட்டார். "இனிமே வேண்டாம்மா, விட்டுடு" என்று சொல்லி அழுதாள். அழுகிற மகளைக் கையால் தொட முடியாத தூரத்தில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானமே திரைச்சீலைகளை இழுத்துவிட்டேன். "உக்காருங்க" என்றேன். மறுபேச்சு இல்லாமல் சோபாவில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கண்ணை என் உள்ளங்கையால் பொத்தினேன். "நான் பாத்துச் சொல்றேன். கையை எடுத்தா பாருங்க, பொத்தினா காதால கேளுங்க. மயக்கம் வந்தா என் மேல சாயுங்க, தரையில வேண்டாம்."

படம் ஓடியது. நான் கையை எடுத்த நேரம் கொஞ்சம்தான். படிக்கட்டுக்கு எடுத்தேன், ஏரிக்கு எடுத்தேன். "ஜன்னல் அந்தப் பக்கம்ல இருந்துச்சு" என்று முணுமுணுத்தார். மற்ற நேரமெல்லாம் அவர் இமை என் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கெட்ட கனவை ஒருவர் கண்ணால் கண்டுகொண்டிருந்தோம். அந்தப் பெண் ஓடி ஓடிக் கடைசியில் தன் சொந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். காதில் போன். அப்பாவின் குரல் ‘வா, உள்ளே வா’ என்கிறது. குளியலறைக் கதவைத் தள்ளுகிறாள். தொட்டிக்குள் அப்பா கிடக்கிறார். செத்து வெகுநேரம் ஆகிவிட்டது. போனில் இவ்வளவு நேரமும் அப்பா குரலில் பேசிக்கொண்டிருந்தவன் கொலைகாரன்.

அதுதான் அந்தத் திருப்பம். எனக்கு உறைத்தது அதுவல்ல. தொட்டியின் விளிம்பில் கிடந்த கையில் கட்டைவிரல் உள்ளே மடிந்திருந்தது. தூங்கும்போது இவர் அப்படித்தான் கைக்குழந்தை மாதிரி கட்டைவிரலை மடித்துக்கொள்வார். அது எனக்குத் தெரியும், இவர் பக்கத்தில் படுத்து வளர்ந்த என் மகளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. பொத்திய கை தானாக இறங்கிவிட்டது.

இவர் பார்த்தார். கேமரா மெல்ல முகத்துக்கு நகர்ந்தது. இவர் முகமேதான். அத்தனை பேரைக் கண்டம் துண்டமாக்கின படத்தில் அந்த ஒரு உடம்பில் மட்டும் சின்னக் கீறல்கூட இல்லை. நெற்றிக்கு ஒரு நிறம், இமைக்கு ஒரு நிறம், காது மடலுக்கு ஒரு நிறம். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து சாய்ந்துவிட்ட மனிதர் மாதிரி இருந்தது. மயக்கம் போடப் போகிறார் என்று தோளைப் பிடித்தேன். மயக்கம் வரவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

அப்புறம் என்னிடம் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். வாலு எடுத்தாள்.

"பாத்தேன்" என்றார் இவர். "உங்க அம்மா கண்ணைப் பொத்தி விட்டா. கடைசியில மட்டும் பொத்தல."

"ம்."

"ஒரே ஒரு குறைதான். தலையில முடி ஜாஸ்தியா வச்சுட்ட. நரையே இல்ல."

அவள் குரல் உடைந்தது. "நான் கடைசியாப் பாத்தப்போ அப்படித்தானேப்பா இருந்துச்சு."

இவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வா" என்றார். "மிச்சம் என்ன இருக்குன்னு வந்து பாரு."