அக்கா படத்துக்குப் போட்ட ஒளி

திருத்தங்கல் பிரஸ்ஸில் வெடிப்பெட்டிகளுக்கு லேபிள் போடுவதுதான் எனக்கு வேலை. உள்ளே இருப்பது எப்படியோ, பெட்டி மின்ன வேண்டும். எழுத்துக்கு மஞ்சளில் புடைப்பு, சுற்றிலும் சிவப்பும் ஆரஞ்சுமாக ஒளி, அடியில் கறுப்பு நிழல். ஃபோட்டோஷாப்பில் இதற்கு லேயர் ஸ்டைல் என்று பேர். சீசன் நேரத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? மூன்றையும் சேர்த்து ஒரே பட்டனாகச் சேமித்து வைத்திருந்தேன். எதைத் திறந்தாலும் கை தன்பாட்டுக்கு அந்தப் பட்டனுக்குத்தான் போகும்.

நான் லேபிள் போடும் பட்டாசுக் கம்பெனி ஒன்றில்தான் எங்கள் அக்கா வெடிக்கு மருந்து அடைத்தாள். அந்த அறை வெடித்ததில் போய்விட்டாள். மறுநாள் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க அம்மாவோடு பிரஸ்ஸுக்குப் போனேன். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. அக்காவுக்கென்று இருந்தது ஒரே ஒரு நல்ல படம். ஆயுத பூஜை அன்று கம்பெனி வாசலில் எடுத்தது. கழுத்தில் கம்பெனி அட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பாள்.

லேபிள் பார்க்க வந்த அந்தக் கம்பெனி மேனேஜர் என் திரையைப் பார்த்துவிட்டார். துக்கம் கேட்க எட்டிப் பார்க்காத மனுஷன். விசாரிக்க வந்த அதிகாரிகளிடம், "அந்தப் பொம்பள எங்க ஆளே இல்ல சார், யாரையோ பாக்க வந்துச்சு" என்று கூசாமல் சொன்னவர். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த அட்டை மட்டும் தெரிய வேண்டாம். கீழ இருந்து நல்லா வெளிச்சம் ஏத்தி மறைச்சிருங்க. சாமி மாதிரி இருக்கட்டும்."

"செஞ்சு குடுத்துருலே, சீசன் ஆர்டர் பூரா அவுகளுதுதான்" என்றார் பிரஸ் முதலாளி அண்ணாச்சி.

உயிரோடு இருந்தவரை அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் உண்டா என்று கேட்காதவர்களுக்கு, செத்ததும் சாமியாம். அம்மா இருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அட்டையைத் தொடாமல், முகத்தைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஒரு ஒளி போடலாம் என்று மவுசைப் பிடித்தேன். பாழாய்ப்போன கை, பழக்கத்தில் அந்த லேபிள் பட்டனை அழுத்திவிட்டது.

அக்காவின் தலைமுடி, தோள், சேலை ஓரம் எல்லாம் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பற்றிக்கொண்டது.

"ஐயோ, எம்மக எரியுதாளே! அணைலே! அணைச்சு விடுலே!" அம்மா முந்தானையை உருவி மானிட்டரை அடித்தாள்.

லேயர் ஸ்டைல் எத்தனை போட்டாலும் அடியில் இருக்கிற படம் கெடாது. பக்கத்தில் இருக்கும் கண் அடையாளத்தை அழுத்தினால் போட்டதெல்லாம் மறைந்துவிடும். அழுத்தினேன். அக்கா பழையபடி சிரித்துக்கொண்டு நின்றாள். அட்டையில் கம்பெனி பேர் பளிச்சென்று தெரிந்தது.

"இப்படியேதான் அடிக்கப் போறேன்" என்றேன்.

"ஒரு எஃபெக்ட்டும் இல்லாம நல்லாவா இருக்கு?" என்றார் மேனேஜர்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "எம்மக இருந்தபடிக்கே இருக்கட்டும்யா. நீங்க மாட்டி விட்ட அட்டைதான?"

ஃப்ளெக்ஸை நானே மெஷினில் ஓட்டினேன். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் அண்ணாச்சி. அவரிடம் பேசக்கூட எனக்குப் பிடிக்கவில்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து தெரு முக்கில் கட்டினேன்.

மறுநாள் அதிகாரிகள் தெருவுக்கு வந்தார்கள், கூடவே மேனேஜரும். ஃப்ளெக்ஸ் முன்னால் ஜீப் நின்றது. ஒருவர் இறங்கி, அக்கா கழுத்தில் கிடந்த அட்டையை வாய்விட்டுப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"எங்க கம்பெனி ஆள்தான் சார்."

ஃப்ளெக்ஸ் அடியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து அவர் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"இதச் சொல்றதுக்கு எம்மக எரியணுமாலே?"