தீனதயாளன் பார்த்த கோடு

"புதுப்பட்டு அணி… 'ஆணி' இல்ல, அணி" என்று கைப்பேசியைத் திருத்துகிறார் தீனதயாளன். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத் தேநீர்க் கடை. கிளாஸில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கான விளையாட்டுச் செய்தியை அவர் பேசியேதான் தட்டச்சு செய்வார். "விறுவிறுப்பாக நடைபெற்ற இறுதிப் போட்டியில்" என்று அச்சுத் தமிழில் போகிற வாய், நடுவில் கடைக்காரரிடம் "இன்னாப்பா, சக்கர ஜாஸ்தி போட்டுக்கினே" என்கிறது. கைப்பேசி அதையும் எழுதிக்கொள்கிறது. ஒருமுறை அழிக்க மறந்து, கைப்பந்துச் செய்திக்கு நடுவே சர்க்கரையும் அச்சாகிவிட்டது.

சொந்த ஊர் தியாகதுருகம். பழைய ஸ்கூட்டரில் மாவட்டம் முழுக்கப் போவார். கிரிக்கெட் உலகக் கோப்பையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அத எழுத ஆயிரம் பேரு கீறான். கரியாலூர் பொண்ணு ஓடுனத யாரு எழுதுவா?" என்பார். ஆடுகிறவர்களின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்பார். விழாவுக்குத் தலைமை தாங்கியவர் பெயரில் தப்பு வந்தால் கவலைப்படமாட்டார்.

போன பொங்கலுக்கு மூங்கில்துறைப்பட்டில் கபடி. இறுதி ஆட்டத்தில் தியாகதுருகமும் கரியாலூரும் சமநிலையில் இருந்தன. கடைசியாகப் பாடிப் போனவன் தியாகதுருகத்துத் தமிழழகன், தீனதயாளனின் மகன். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். விசில் ஒலித்தது, கோப்பை கைக்கு வந்தது. மறுநாள் வந்த செய்தியின் கடைசி வரி இது: 'வெற்றிப் புள்ளியைப் பெறும் முன் தமிழழகனின் இடது கால் எல்லைக் கோட்டுக்கு வெளியே பட்டதை நடுவர் கவனிக்கவில்லை.'

கரியாலூர்க்காரர்கள் முறையிட்டார்கள். முடிவு மாறவில்லை. ஆனால் அடுத்து நடந்த மாவட்ட அணித் தேர்வில் தமிழழகன் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவுமில்லை. தியாகதுருகம் அணித் தலைவன் பழனி வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஊரே பாக்கல. நீங்க மட்டும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவன் உங்க புள்ளைங்க."

"அதாம்ப்பா, அவனையே பாத்துக்கினு இருந்தேன்."

பழனி போன பிறகு மனைவி ஜெயம்மாள், "பேரு போடாம, ஒரு வீரர்னு எழுதியிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

"வேற வூட்டுப் புள்ளைன்னா பேரு போட்டிருப்பேனே" என்றார் அவர்.

அன்றிலிருந்து தமிழழகன் அவரோடு பேசுவதில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான். "பேசுனா பேசறான், இல்லனா போறான்" என்று தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னார் தீனதயாளன். சொல்லிவிட்டு, சுத்தமாகவே இருந்த மூக்குக்கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் தியாகதுருகத்திலேயே போட்டி. பழனிதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினான். மற்ற நிருபர்களுக்கு நாற்காலி இருந்தது, இவருக்கு இல்லை. வெயிலில் நின்றே பார்த்தார். இடைவேளையில் தமிழழகன், வியர்வை வழிய, ஆட்டக்காரர்கள் பக்கமிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், வேப்பமர நிழலில் அதை வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

தீனதயாளன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரிந்தது. எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், எல்லைக் கோட்டுக்கு நேராக, வெயிலில் போட்டு உட்கார்ந்தார்.