சூசையக்காவின் மெழுகுதிரி

சூசையக்கா தன் சாவுக்கு வேண்டியதையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை. கழுத்தில் போட, மாதா படம் தைத்த புது உத்தரியக் கயிறு. சாகப் போகிறவருக்கு அவஸ்தை எண்ணெய் பூசிய பிறகு சாமியார் விரலைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்சம் பஞ்சு. சின்னப் புட்டியில் தீர்த்தம். உள்ளங்கைக்குள் அடங்குகிற பாடுபட்ட சுரூபம், சேசு தொங்குகிற சிலுவை. எல்லாவற்றுக்கும் மேலே, செய்தித்தாளில் சுற்றி, பருத்த மெழுகுதிரி ஒன்று. மாதா காணிக்கைத் திருநாளன்று கோயிலில் சாமியார் செபம் சொல்லி மந்திரித்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆள் சாகிற நேரத்தில் மந்திரித்த திரியைக் கொளுத்திக் கையில் பிடிக்க வைப்பார்கள். பெற்ற பிள்ளை காதோரம் குனிந்து "சேசு, மரி, சூசை" என்று சொல்ல, சாகிறவர் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதுதான் நல்ல மரணம்.

"புடவைக்குப் பூச்சி உருண்டை போட்டிருக்கேன் தங்கச்சி," என்பார் என்னிடம். "அரிச்ச புடவையைக் கட்டிக்கிட்டுப் போய் மாதா முன்னால நிக்க முடியுமா? என்ன நெனைப்பாங்க?"

அவர் ஆசைப்பட்டது வேறொன்றுமில்லை. சாமியார் வர வேண்டும். திரி எரிய வேண்டும். மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும். இதற்காக அவர் என்ன கொடுக்க வேண்டியிருந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவருடைய ஒரே மகன் டில்லியில் மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கோல் மார்க்கெட் பக்கம் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். ஞானஸ்நானத்தில் அவனுக்கு வைத்த பெயர் தொம்மை. ஆபீசில் அவன் தர்மன். செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஜனங்கள் நாங்கள். எங்கள் சாதிக்குச் சர்க்கார் வேலையில் ஒதுக்கிய இடம் உண்டு. ஆனால் இந்து என்று எழுதியவனுக்குத்தான் உண்டு, கிறிஸ்தவன் என்று எழுதினால் கிடையாது. சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியதால் எங்கள் தெரு மாறவில்லை, கிணறு மாறவில்லை. அந்தச் சலுகை ஒன்றுதான் போயிற்று. அதனால் தொம்மை தர்மனானான். அப்படி எழுதச் சொன்னதே அக்காதான். "பேருல என்னடா இருக்குது, ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்," என்று தைரியம் சொல்லி அனுப்பினாராம். புருஷன் போன பிறகு அந்த வேலையின் சோற்றைச் சாப்பிட டில்லிக்கு வந்தார்.

நான் அப்போது சாணக்யபுரியில் ஒரு தூதரக வீட்டில் ஆயாவாக இருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்காருவார் அக்கா. பூசை முடிந்ததும் யாரோடும் நிற்காமல் ஓடுவார். நான் ஒருநாள் பின்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம்.

குவார்ட்டர்ஸில் கீழ்வீட்டுக்காரர் ஜோதிலிங்கம். தர்மனுக்கு ஆபீசிலும் பக்கத்து மேஜை. அக்கா மந்திர் மார்க் இந்துக் கோயிலுக்குப் போய் வருவதாக அங்கே சொல்லி வைத்திருந்தார்கள். நான் ஒரு தடவை அக்காவோடு படியேறுகிறேன், அந்த மனுஷர் வழியை மறித்து நின்றார்.

"என்ன பெரியம்மா, கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்க, நெத்தி காலியா இருக்குதே? அங்க விபூதி தீந்து போச்சா?"

"வேர்வையில அழிஞ்சிருக்கும் தம்பி."

"ஜனவரி மாசத்துல வேர்வையா! பலே. எனக்கு ஒரு சிட்டிகை கொண்டாந்து குடுங்க, புண்ணியமாப் போவும்," என்று சிரித்தார். அக்கா மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பயத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

ஏஷியன் கேம்ஸுக்காக டில்லி முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அறுத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா கலங்கவில்லை. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"தொம்மை, சாமியாரைக் கூட்டியாடா."

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று ஜன்னலைச் சாத்தினான். "வெள்ளை அங்கி மாட்டிக்கிட்டு ஒருத்தரு இந்த வாசல்ல நின்னா, மறுநாள் மொட்டைக் கடுதாசி பறக்கும். என் சர்ட்டிபிகேட்டு பொய்னு ஆயிடும். வேலை போயிடும். குவார்ட்டர்ஸ் போயிடும். ஜோதிலிங்கம் அதுக்குத்தான் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அப்போ நான் செத்தா?"

"ஆபீஸ்லேருந்து எல்லாரும் வருவாங்க. யமுனைக் கரையில நிகம்போத் காட் சுடுகாட்டுக்குத்தான் கொண்டு போவணும்."

"என்னை நெருப்புல வெப்பியா?"

அவன் மனைவி அம்சவேணி வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நம் ஜனம்தான், ஆனால் இந்துக் குடும்பத்துப் பெண். "செத்தப்புறம் சுடுதா குளுருதா தெரியவா போவுது, அத்தை?" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உசுரோட இருக்கறவங்க வயித்தைப் பத்தியும் கொஞ்சம் நெனைச்சுப் பாக்கணும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அக்கா அழுதார் என்று நினைக்கிறேன்.

கன்னியர் நடத்துகிற இல்லம் ஒன்று எனக்குத் தெரியும். சாகப் போகிறவர்களை எடுத்து வைத்துப் பார்ப்பார்கள். கோயில் உள்ளேயே இருக்கிறது, சாமியார் வருவார், கல்லறையில் இடமும் கொடுப்பார்கள். ஆனால் ஒரு நாதியும் இல்லாதவர்களைத்தான் சேர்ப்பார்கள். இதை அக்காவிடம் சொன்னபோது சிரித்தார்.

"பெத்த பிள்ளையை இல்லேன்னு சொல்லிட்டு, அந்த வாயாலயே பூசையில குடுக்கற நன்மை வாங்கறதா தங்கச்சி?"

சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமே என்றேன். "முன்கூட்டியே தெரிஞ்சு செய்யற பாவத்துக்கு தப்புப் பண்ணிட்டோமேங்கற மனஸ்தாபம் எப்படி வரும்?" என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள். கடைசியில், கேட்டால் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறேன் என்றார்.

மகனுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப் போயிற்று. மறுநாளே ஆட்டோ கொண்டுவந்தான். தகரப் பெட்டியோடு போனால் அக்கம்பக்கம் கேட்கும் என்று அம்சவேணி புடவையையும் சுரூபத்தையும் மட்டும் ஒரு துணிப்பையில் திணித்துக் கொடுத்தாள்.

இல்லத்தில் ஒரு மலையாளத்து சிஸ்டர் பெயரை எழுதிக்கொண்டு, "இவங்களுக்கு யாரும் உண்டா?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை. சுவரிலிருந்த சூசையப்பர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கோயி நஹீ ஹை, சிஸ்டர்," என்றான் தர்மன். ஒருத்தரும் இல்லை என்று. "நான் பக்கத்து வீடு. பாவமா இருந்திச்சி, கூட்டியாந்தேன்."

சிஸ்டர் அவன் நல்ல மனசை மெச்சினார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். ஆட்டோ நகர்கிற சத்தம் கேட்டபிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "நான் பொய் சொல்லல தங்கச்சி. அவன்தான் சொன்னான்." துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அவன் சொன்னபடியே ஆயிடுச்சின்னா அதுவும் பொய் இல்லை," என்றார்.

சாமியார் வந்தார். அக்கா பாவசங்கீர்த்தனம் செய்தார், நன்மை வாங்கினார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிக்கொண்டார். வெள்ளைப் புடவையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சாவுக்காகக் காத்திருந்தார். சாவு வரவில்லை. இல்லத்துக் கஞ்சியும் சிஸ்டர்மார் கவனிப்பும் ஒத்துக்கொண்டன போலிருக்கிறது. எழுந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில் கிழவிக்குத் தலை வாரிவிட்டார். எண்ணெய் பூசினால் ஆள் பிழைக்காது என்பார்கள் எங்கள் ஜனங்கள். அக்காவுக்குப் பிழைத்ததே வெட்கமாகிவிட்டது. "எல்லாம் கட்டி முடிச்சி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன், பஸ்ஸைக் காணோம்," என்பார்.

அப்படியே மாதங்கள் போயின. மகன் ஒருநாளும் வரவில்லை. மழைக்காலத்தில் வயிறு மறுபடி வீங்கியது. அப்போதுதான் அக்கா பையைத் துழாவிவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, என் மெழுகுதிரி எங்க?"

அது பெட்டியிலேயே தங்கிவிட்டது. நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன்.

நான் போன சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மாடிப்படி நிறையச் செருப்புகள் கிடந்தன. மேலே போனால் கரண்ட் இல்லை. வடை வாசனை அடித்தது. உள்ளே ஜமக்காளத்தில் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரம் நாற்காலியில் அக்காவின் படம், மாலை போட்டு, நெற்றியில் விபூதி பூசி. படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், வெளிச்சம் போதாமல் ஒரு பருத்த மெழுகுதிரியை ஏற்றி வைத்திருந்தார்கள். அது எந்தத் திரி என்று எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் எரிந்து போயிருந்தது.

தர்மன் மொட்டையடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப் போயிற்று. ஜோதிலிங்கம்தான் இலையை நீட்டினார்.

"வாங்கம்மா, வடை சூடா இருக்குது. பெரியம்மாவுக்கு வேண்டியவங்களா? பாவம், ஊருக்குப் போன எடத்துல போயிட்டாங்க. தந்தி லேட்டாம். நம்ம தர்மனுக்குக் கொள்ளி வெக்கக் கூடக் குடுத்து வெக்கல. மொட்டையையே இங்க கோல் மார்க்கெட் சலூன்லதான் போட்டான்." பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே குரலை இறக்கினார். "உசுரோட இருந்தப்போ அந்த நெத்தியில நான் விபூதியே பாத்ததில்லை. இப்பத்தான் களையா இருக்காங்க. என்ன தர்மா?"

தர்மன் தலையாட்டினான். அந்த மனுஷருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

நான் இலையைத் தொடவில்லை. சமையல்கட்டில் அம்சவேணியிடம் திரியைக் கேட்டேன். "கரண்ட் வரட்டும், இருங்க. எல்லாரும் இருட்டுல சாப்பிடுவாங்களா?" என்றாள். நின்றுகொண்டே இருந்தேன். அது உருகிக்கொண்டே இருந்தது. கரண்ட் வந்து பங்கா சுற்றிய பிறகு தர்மன் அதை ஊதி அணைத்து, காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தான். கட்டைவிரல் உயரம்தான் மிச்சம். "எப்படி இருக்காங்க?" என்று உதடு அசையாமல் கேட்டான். இருக்கிறார் என்றேன். "இனிமே இங்க வராதீங்க சின்னம்மா," என்றான்.

அக்கா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். மெழுகில் விபூதி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"கரண்ட் போயிடுச்சிக்கா, அதான்..." என்றேன்.

"காரியமா?"

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"மொட்டை போட்டானா?"

"போட்டிருக்கான்."

"பின்மண்டையில ஒரு தழும்பு இருக்கும். சின்னதுல கோயில் படியில விழுந்தது. தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சிக்கா."

"ம்," என்றார். அந்தத் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

குளிர் தொடங்குகிற சமயம், ஒரு மத்தியானம், அக்காவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று இல்லத்திலிருந்து போன் வந்தது. புறப்படுவதற்கு முன் அவன் ஆபீசுக்குப் போன் செய்தேன். உங்கள் அம்மா கடைசி நேரத்தில் இருக்கிறார், ஒரு தடவை வந்து போங்கள் என்றேன்.

பக்கத்தில் யாரோ உரக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "எங்கம்மா காலமாயி ரொம்ப நாளாச்சிங்க," என்றான் தர்மன். "ராங் நம்பர்." ஆனால் உடனே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவு இருந்தது. சிஸ்டர் அந்தத் திரித் துண்டைக் கொளுத்தி அவர் விரல்களுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். நாங்கள் செபம் சொன்னோம். உயிர் போவதற்கு முன்னால் திரி எரிந்து தீர்ந்துவிட்டது. சிஸ்டர் ஓடிப்போய்க் கடையில் வாங்கிய மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டுவந்தார். மந்திரிக்காதது. அக்காவின் விரல் அதன்மேல் மடங்கவில்லை.

நான் காதோரம் குனிந்து, "சேசு, மரி, சூசைன்னு சொல்லுங்கக்கா," என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பிள்ளை சொல்லணும்," என்றார்.

"அம்மச்சி, ஒரு தடவை சொல்லு," என்று சிஸ்டரும் கெஞ்சினார். அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டார். கண் வாசல் பக்கமே இருந்தது. அப்படியே போய்விட்டார். மூன்று பெயரில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

அது நல்ல மரணம்தானா என்று அடக்கத்துக்கு வந்த சாமியாரிடம் கேட்டேன். "எண்ணெய் பூசியாச்சு, பாவசங்கீர்த்தனம் ஆச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார். வெள்ளைப் புடவையைத்தான் கட்டிவிட்டோம். ஒரு பூச்சி அரிப்புக் கூட இல்லை. மந்திரித்த மண்தான். சிலுவையில் பெயர் எழுதுகிறவர், யாருடைய தாயார் என்று எழுத வேண்டுமா என்று கேட்டார். பெயர் மட்டும் போதும் என்றேன்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் போய் ஒரு திரி ஏற்றி வைக்கிறேன். தர்மனும் வருஷா வருஷம் தவறாமல் தாயாருக்குத் தெவசம் கொடுக்கிறானாம், ஜோதிலிங்கம் உட்படப் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடுகிறானாம். தாயார் செத்ததாக அவன் சொன்ன தேதியில். அந்த வருஷம் அதே தேதியில் மத்தியானம் நான் இல்லத்துக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு கிண்ணம் கஞ்சியை முழுசாகக் குடித்துவிட்டு, உப்பு போதவில்லை என்று சிஸ்டரிடம் சொன்னார்.