சரோஜா அக்காவின் எண்ணெய்த் துணி

சரோஜா அக்கா இல்லை. இன்று மத்தியானம், கிள்ளானில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே... heart attack.

கிள்ளான் பக்கம் மேருவில் எங்கள் ஃபர்னிச்சர் கடையில் அக்கா பெயிண்ட், நான் குஷன். பல வருஷமாக ஒரே கூரை, ஒரே ஃபேன், அந்த ஃபேனுக்காக ஒரே சண்டை.

நான் அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கஸ்டமர் வீட்டில் சோபா இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டுக்காரர் மணி அண்ணன் போன் செய்தார். "சரோஜா போயிட்டாம்மா" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், யாரும் திட்டாதீர்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. துணி எங்கே?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா கடையில் விற்கிற டின் பெயிண்டைத் தொடமாட்டார். லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெயில், காவி மண்ணைக் குழைத்து மரத்தில் மெல்லிசாகப் பூசித் துணியால் தேய்ப்பார். தின்னர் நாற்றம் கிடையாது, குழந்தை இருக்கிற வீட்டிலும் தைரியமாக வைக்கலாம்.

ஆனால் அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் போச்சு. தீக்குச்சியே வேண்டாம். தானாகச் சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும்.

அதனால் தினமும் ஷட்டரை இறக்குவதற்கு முன் அக்காவுக்கு ஒரே கேள்வி. "துணி தண்ணியிலயா?"

பின்பக்கம் ஒரு இரும்பு வாளி இருக்கும். அக்காவே துணியைப் போட்டிருந்தாலும் நான் போய்ப் பார்த்து, "தண்ணியிலதான் இருக்கு அக்கா" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் "சரி, கிளம்பலாம்" என்பார். கொட்டுகிற மழையில் பஸ் போய்விட்டாலும் சரி. "தண்ணி அக்கா" என்று பேர் வைத்து ஓட்டியதே நான்தான்.

கஸ்டமர்களையும் விடமாட்டார். செராஸில் ஒரு ஆன்டி, அலமாரி மங்கிப்போச்சு என்று தானே எண்ணெய் தேய்த்திருக்கிறார். ரொம்பச் சுத்தக்காரர். தேய்த்த துணியை அழகாக மடித்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, கிச்சன் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். சாயங்காலம் தொட்டியிலிருந்து புகை. நல்லவேளை, வீட்டில் ஆள் இருந்தது.

அன்றிலிருந்து எண்ணெய் வாங்கிப் போகிற எல்லோருக்கும் அக்கா போன் போடுவார். ரவாங்கில் ஒருத்தர் கேட்டே விட்டார். "என்னக்கா, அலமாரி எப்படி இருக்குன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"அலமாரி இருக்கட்டும் லா தம்பி. துணி எங்க?"

இன்று காலையில் அக்கா ஒரு பெரிய தேக்கு அலமாரிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் லோரியில் ஏறும்போது பெஞ்சில் துணி குவிந்து கிடந்தது. கடைக்கு மேல்மாடியில் தமிழ்நாட்டுத் தம்பிகள் மூன்று பேர் தங்கியிருக்கிறார்கள். ஃபேக்டரியில் night shift. பகலில்தான் தூங்குவார்கள்.

பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு அழுகிற மனுஷனிடம் துணியைப் பற்றி எப்படிக் கேட்பது... கேட்டேன். "அண்ணே... துணி?"

"தெரியலம்மா. கடைக்கு வந்து பாத்தா நெஞ்சு வலிக்குதுன்னா. அப்படியே ஷட்டர இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்துட்டேன்."

மாடியில் இருக்கிற செந்திலுக்கு அடித்தேன். போன் off. மறுபடியும் அடித்தேன். Off.

ஹைவேயில் ஜாம். லோரி ஓட்டுகிற அண்ணனிடம் "சீக்கிரம்ணே, சீக்கிரம்ணே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். மேரு நெருங்க நெருங்க வானத்தையே பார்த்தேன், எங்கேயாவது புகை தெரிகிறதா என்று. அக்காவை நினைக்கக்கூட அந்த நேரத்தில் முடியவில்லை.

புகை இல்லை. ஷட்டரைத் தூக்கியதும் எண்ணெய் வாசனை, வழக்கத்தைவிடக் காட்டமாக முகத்தில் அடித்தது. துணி பெஞ்சில் அப்படியே கிடந்தது. குவியலுக்குள் கையை விட்டேன். ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது.

அப்படியே அள்ளிக்கொண்டு ஓடி, வாளியில் போட்டு, தண்ணீருக்குள் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அழுகை வந்தது. காலையில் அக்கா தேய்த்த துணி. இன்னும் சூடு போகவில்லை.

சத்தம் கேட்டு செந்தில் தூக்கக் கண்ணோடு இறங்கி வந்தார். "என்னக்கா ஆச்சு? பெரியக்கா எங்க?"

அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பாவம், எதற்கு அழுகிறேன் என்றே தெரியாமல் நின்றார்.

அக்கா பூசிக் கொடுத்த சாமான் வைத்திருப்பவர்களுக்கு... தூசி பட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தின்னர், ப்ளீச் எதுவும் வேண்டாம். மங்கினால் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். தேய்த்த துணியை உடனே தண்ணீரில் போடுங்கள். ப்ளீஸ். இனிமேல் கேட்பதற்குப் போன் வராது.

நாளை மத்தியானம் வீட்டில் சடங்கு முடிந்து மின்சுடலைக்கு எடுக்கிறார்கள். நெருப்பைக் கண்டால் அப்படி நடுங்குகிற மனுஷி... அவரை அதே நெருப்புக்குள். போவேன். உள்ளே அனுப்பும்போது நின்று பார்ப்பேனா, தெரியவில்லை.

தண்ணியிலதான் இருக்கு அக்கா. நான் பாத்துட்டேன்.

நீங்க கிளம்புங்க.