சந்தனம் பூசிய டிஸ்க்

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. தமிழில் அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றை அங்கே எழுதிக்கொண்டிருந்தேன். பாதி முடித்திருந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் பெட்டிதான் விற்கிறது, புரோகிராமை மூட்டை கட்டு என்று மலாய் மொழியில் சொன்னார். கோபத்தில் காது சூடேறியது. நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கொள், யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்று கையை வீசினார். எனக்கு அது போதும்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் வேலை தொடர்ந்தது. இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் பத்து காஜா டவுன் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இன்னொருவன் தாப்பாவில் ரேடியோ பழுது பார்க்கும் பையன்; தம்பி என்றுதான் அவனைக் கூப்பிடுவேன். மூவரிடமும் ஒரே மாதிரி கம்ப்யூட்டர். ஆளுக்கொரு பக்கம் திருத்தினால் குழம்பிவிடும் என்று நான் சட்டம் போட்டேன். தாய் டிஸ்க் ஒன்றுதான். அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் திருத்தலாம். திருத்திய வரிகளைக் கூடவே போகும் நோட்டில் எழுதியாக வேண்டும். டிஸ்க்கும் நோட்டும் பிஸ்கட் டின்னில் பஸ் ஏறிப் போய் வந்தன.

அந்த வருடச் சோதனைக் கேள்வித்தாள்களை எங்கள் புரோகிராமில் அடித்துத் தருவதாக ஆசிரியர் பள்ளியில் வாக்குக் கொடுத்துவிட்டார். முடியாமல் போனால் அவர் தலைகுனிய வேண்டும், எங்கள் புரோகிராமும் அத்தோடு ஒழிந்தது.

சோதனைக்குப் பத்து நாள் முன்னால் சரஸ்வதி பூஜை. டின் தாப்பாவில் இருந்தது. தம்பி திருப்புளி, குறடு, சால்டரிங் அயன் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தான். தாய் டிஸ்க்கை மட்டும் விடுவானா? உறையில் மெஷின் படிப்பதற்காகத் திறந்திருக்கும் நீள ஓட்டை அவனுக்கு நல்ல நெற்றியாகத் தெரிந்திருக்கிறது.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து நான் வந்தால் வாசலில் இருவரும் நிற்கிறார்கள்.

"அக்கா, டிஸ்க்க மெஷின் படிக்க மாட்டேங்குது. நல்லா வரணும்னுதான் சாமிக்கு வச்சேன் லா."

"எந்த சாமிடா ஓட்டைக்குள்ள பொட்டு வைக்கச் சொல்லிச்சு?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

ஆசிரியர் நோட்டைத் திறந்தார். என்னிடம் இரண்டு மாதப் பழைய நகல் இருந்தது. அவர் வாசிக்க, தம்பி அடிக்க, பழைய நகல் வரி வரியாகத் தேறியது. அவர் திருத்தியதெல்லாம் நோட்டில் இருந்தது. தம்பி திருத்தியதும் மணி மணியாக இருந்தது. திடீரென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க மாத்துனது எங்க?"

நான் எழுதவே இல்லை. புரோகிராமே என்னுடையது, எனக்கெதற்கு நோட்டு என்ற திமிர். மெய்யெழுத்தின் தலையில் புள்ளியைச் சரியாக உட்கார வைக்க இரண்டு வாரம் மாரடித்திருந்தேன். அதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அது இல்லாவிட்டால் புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் போய் விழும். அவனைக் கிழித்த வாயை வெட்கத்தில் பொத்திக்கொண்டேன். அழுதுவிட்டேன்.

தம்பிதான் மெதுவாகச் சொன்னான். "அக்கா, எழுத்தோட சேத்து புள்ளிய ஏன் அடிக்கணும்? வரிசையில உள்ள புள்ளிய எல்லாம் முதல்ல அடிச்சிருவோம். அப்புறம் கீழ எழுத்த அடிச்சா பொலே தானே, முடியும் தானே?"

இரண்டு வாரம் எனக்குத் தோன்றாத யோசனை. என் எண்பது வரி வேலை அவன் கையில் பன்னிரண்டு வரியில் முடிந்தது. பிரிண்டர் கறகறவென்று ஓடியது. புள்ளிகள் அத்தனையும் அதனதன் தலையில். நான் அறையில் குதித்தேன். ஆசிரியர் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சொன்ன நாளில் தாள்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன.

சோதனை முடிந்த வாரம் வேறொரு எஸ்டேட் பள்ளித் தலைமையாசிரியர் மோட்டார் சைக்கிளில் தேடி வந்தார். கையில் எங்கள் தாள்.

"இது எந்த கம்பெனி செஞ்சதுமா? அட்ரஸ் குடுங்க, எங்க பள்ளிக்கும் எழுதிக் கேக்கணும்."

"கம்பெனியெல்லாம் இல்ல சார். நாங்க மூணு பேருதான்."

வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை. அவர் முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்போ நாலாவது ஆளா நான் வாரேன்."